ஃபொர்மீகா: ஏழு உலகக் கோப்பை ஆடிய பிரேசில் எறும்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசில் பெண்கள் கால்பந்து என்றதும் எல்லோருக்கும் மார்த்தா நினைவுக்கு வருவார். அது நியாயம்தான். ஆனால் மார்த்தா அணிக்குள் வருவதற்கு ஏழெட்டு வருடம் முன்பே அந்த மஞ்சள் சட்டையைப் போட்டு, எண் 8-ஐ முதுகில் சுமந்து ஆடிய ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ஃபொர்மீகா?

1995 முதல் 2021 வரை பிரேசில் தேசிய அணிக்காக ஆடிய நடுக்கள ஆட்டக்காரர். முழுப்பெயர் மிராயில்டிஸ் மசியேல் மோத்தா. 1978 மார்ச் 3 அன்று, வடகிழக்கு பிரேசிலில் பாஹியா மாநிலத்தின் தலைநகரான சால்வடோரில் பிறந்தவர். ஏழு உலகக் கோப்பைகளிலும் ஏழு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடியிருக்கிறார். உலகக் கோப்பையில் ஏழு முறை களமிறங்கியவர் ஆண்களிலும் கிடையாது, பெண்களிலும் வேறு யாரும் கிடையாது. ஒலிம்பிக் கால்பந்திலும் அவருக்கு இணை இல்லை.

அது சொந்தப் பெயரா, பட்டப்பெயரா?

பட்டப்பெயர்தான். போர்த்துகீசிய மொழியில் 'ஃபொர்மீகா' என்றால் எறும்பு. பிரேசிலில் கால்பந்து ஆடுபவர்களைப் பட்டப்பெயரால் கூப்பிடுவது சாதாரணம். பெலே, காக்கா எல்லாம் அப்படி வந்தவைதான். இவருக்கு இந்தப் பெயர் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. தனக்கென்று பந்தை வைத்துக்கொள்ளாமல், களம் முழுக்க ஓடி, கூட்டத்துக்காக உழைக்கும் ஆட்டத்தைப் பார்த்து வைத்த பெயர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் வழக்கு. அவர் எதிரணி நடுக்களத்தைத் தேய்த்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை.

அவர் பிறந்தபோது பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டவிரோதம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. முதல்முறை படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கால்பந்தை மதம் மாதிரி கொண்டாடும் நாட்டில் பாதி ஜனத்துக்கு அந்தப் பந்தைத் தொட அனுமதியில்லை.

1941 ஏப்ரலில், ஜெட்டூலியோ வர்கஸ் ஆட்சியில் 3199 என்ற எண் கொண்ட அரசாணை வந்தது. பெண்களின் 'இயற்கைக்குப் பொருந்தாத' விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக் கூடாது என்று அது சொன்னது. எந்தெந்த விளையாட்டு என்று அதில் பட்டியல் இல்லை. 1965-ல், ராணுவ ஆட்சிக் காலத்தில், தேசிய விளையாட்டுக் கவுன்சில் அந்தப் பட்டியலையும் போட்டுக் கொடுத்தது. கால்பந்து, உள்ளரங்கக் கால்பந்து, கடற்கரைக் கால்பந்து, ரக்பி, பளுதூக்குதல் எல்லாம் அதில் இருந்தன. 1979-ல்தான் தடை நீங்கியது. அதன் பிறகும் பெண்கள் கால்பந்துக்கு முறையான விதிகள் வர 1983 ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெலே மூன்று உலகக் கோப்பைகளை வென்ற காலம் முழுக்க அந்த நாட்டில் ஒரு பெண் குழந்தை பந்தாடினால் அது குற்றம். ஃபொர்மீகா பிறந்து ஒரு வயதான பிறகுதான் தடை போனது. சட்டம் போனாலும், அது நாற்பது வருடமாக மனசுக்குள் ஊற்றியது உடனே வடிந்துவிடுமா?

அவருடைய வீட்டில் எப்படி?

அம்மா பக்கபலம். அண்ணன் தம்பிகள் எதிர்ப்பு. பையன்களோடு தெருவில் பந்தாடுகிறாள் என்று சகோதரர்கள் அடித்திருக்கிறார்கள் என்பதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடி வாங்கிக்கொண்டே மறுநாளும் போய் ஆடியிருக்கிறார்.

இன்னொரு விஷயமும் அவர் சொல்லியதுதான். பெண் பிள்ளை என்று பொம்மை வாங்கிக் கொடுத்தால், அந்தப் பொம்மையின் தலையைப் பிடுங்கி அதையே பந்தாக உதைப்பாராம். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்ணில் வருவது இந்தக் காட்சிதான். தரையில் உருளும் ஒரு பொம்மைத் தலை, அதைத் துரத்திக்கொண்டு ஓடும் ஒரு கறுப்பினச் சிறுமி.

அவருடைய திறமையை முதலில் கண்டுகொண்டது யார்?

டில்மா மென்டஸ் என்ற பெண் பயிற்சியாளர், பாஹியாவைச் சேர்ந்தவர். ஃபொர்மீகா பதின்ம வயதைத் தொடும்போது அவரைப் பார்த்து, கைபிடித்து அழைத்துப் போனார்.

டில்மாவின் கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை முடிக்க மனம் வரவில்லை. தடை இருந்த காலத்தில் பந்தாடிய சிறுமி அவர். அதற்காகப் பலமுறை போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. போலீஸ் வந்தால் ஒளிந்துகொள்ள மைதானத்தின் ஓரத்தில் குழி தோண்டி வைத்திருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். குழிக்குள் ஒளிந்து வளர்ந்த ஒரு பெண்தான், பின்னால் ஏழு உலகக் கோப்பை ஆடப்போகும் சிறுமியை அடையாளம் கண்டார். இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அப்படி ஆடி வளர்ந்தவருக்குத்தான் இன்னொரு சிறுமியின் கால்களில் இருப்பது சட்டென்று தெரிந்திருக்கும்.

களத்தில் அவருடைய வேலை என்ன? கோல் அடிப்பவர் இல்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு?

நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும்கூட.

பிரேசிலில் 'வொலாஞ்சி' என்று ஒரு இடத்தைச் சொல்வார்கள். டிஃபெண்டர்களுக்கு முன்னால், நடுக்களத்தின் அடிவாரத்தில் நிற்கும் இடம். எதிரணியின் தாக்குதலை அங்கேயே அறுத்து, பந்தைப் பிடுங்கி, முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுப்பது அந்த இடத்தின் வேலை. ஃபொர்மீகா பெரும்பாலும் அங்கே ஆடினார், தேவைப்பட்டபோது முன்னாலும் ஏறினார்.

அவருடைய பழைய ஆட்டம் ஏதாவது பார்க்கக் கிடைத்தால் ஒரு பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும் பாருங்கள். எதிரணியில் ஒருவர் பாஸ் கொடுக்கத் தலையைத் தூக்கும்போதே ஃபொர்மீகா இரண்டடி நகர்ந்திருப்பார். பந்து வரும் வழியில் கால் ஏற்கெனவே நீண்டிருக்கும். பிடுங்கியதும் அலட்டல் இல்லாமல் ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் தோழிக்கு ஒரு பாஸ். அப்புறம் அடுத்த இடத்துக்கு ஓட்டம். தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பில் காட்ட அதில் ஒன்றும் இருக்காது. ஆனால் மார்த்தாவும் கிறிஸ்டியானேவும் முன்னால் கவலையில்லாமல் ஆட முடிந்ததற்குக் காரணம், பின்னால் அந்த இரண்டடி நகர்வு இருந்ததுதான்.

2007 உலகக் கோப்பை அரையிறுதியைப் பலர் மார்த்தாவின் அந்த அற்புதமான கடைசி கோலுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஹாங்ஜோ நகரில், நெடுநாள் தோல்வியே காணாமல் வந்த அமெரிக்காவை பிரேசில் 4–0 என்று சாய்த்த ஆட்டம். அதில் முதல் கோல் எப்படி வந்தது தெரியுமா? ஃபொர்மீகா எடுத்த கார்னர். அவர் வளைத்து அனுப்பிய பந்தை வெளியே தள்ளப் போன அமெரிக்க வீராங்கனையின் தலையில் பட்டு அது அவர்கள் வலைக்குள்ளேயே போனது. கணக்கில் அது எதிரணி போட்ட சுயகோல். ஃபொர்மீகாவின் பெயர் அதில் இல்லை. அவருடைய வாழ்க்கையில் பாதி அப்படித்தான் போனது.

ஏழு உலகக் கோப்பைகள் எவை? ஒவ்வொன்றிலும் என்ன ஆனது?

1995-ல் ஸ்வீடனில் ஆரம்பம். அப்போது அவருக்கு 17 வயது. பிரேசில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1999-ல் அமெரிக்காவில் மூன்றாம் இடம். அது பிரேசில் நடுக்கள வீராங்கனை சிசியின் உலகக் கோப்பை. காலிறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக அவர் கூடுதல் நேரத்தில் அடித்த தங்க கோலை (அடித்தவுடனே ஆட்டம் முடிந்துவிடும் கோல்) அந்தத் தலைமுறை இன்னும் பேசுகிறது. 2003-ல் காலிறுதியில் ஸ்வீடனிடம் தோல்வி. 2007-ல் சீனாவில் இறுதிப்போட்டி வரை போய் ஜெர்மனியிடம் 2–0 என்று தோற்றார்கள். 2011-ல் ஜெர்மனியில் நடந்த காலிறுதியில் கடைசி நொடிவரை முன்னிலையில் இருந்து, 122-வது நிமிடத்தில் அமெரிக்காவின் வாம்பாக் தலையால் முட்டிச் சமன் செய்ய, பெனால்டியில் வெளியேறினார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

2015, கனடா. ஜூன் 9, மாண்ட்ரியாலில் தென்கொரியாவுடன் ஆட்டம். ஒரு தென்கொரிய டிஃபெண்டர் தன் கோல்கீப்பரிடம் திருப்பித் தட்டிய பந்து வலுவில்லாமல் வந்தது. அது அப்படி வரும் என்று முன்பே தெரிந்தவர் மாதிரி ஃபொர்மீகா நடுவில் புகுந்து எடுத்து கோல் போட்டார். நடுக்களத்தில் இருபது வருடமாகச் செய்து வந்த அதே வேலையை எதிரணி கோலுக்குப் பக்கத்தில் செய்தார், அவ்வளவுதான். வயது 37. பெண்கள் உலகக் கோப்பையில் கோல் அடித்தவர்களில் மிக மூத்தவர் அவர். அதே ஆட்டத்தில் மார்த்தா பெனால்டியில் தன் 15-வது உலகக் கோப்பை கோலை அடித்து ஒரு சாதனையைப் படைத்ததால், மறுநாள் தலைப்புச் செய்தி வழக்கம்போல அங்கே போனது. பிரேசில் அந்தத் தொடரில் ஆஸ்திரேலியாவிடம் தோற்று வெளியேறியது.

2019, பிரான்ஸ். மறுபடியும் ஜூன் 9. ஜமைக்காவுக்கு எதிராகக் களமிறங்கியபோது வயது 41 வருடம் 98 நாள். பெண்கள் உலகக் கோப்பையில் ஆடியவர்களிலேயே மிக மூத்தவர். பிரேசில் 3–0 என்று வென்றது. அடுத்த சுற்றில், போட்டியை நடத்திய பிரான்ஸிடம் கூடுதல் நேரத்தில் 2–1 என்று தோற்று வெளியேறியது.

அந்தத் தோல்விக்குப் பிறகு மார்த்தா கேமரா முன் அழுதுகொண்டே பேசியது இவரைப் பற்றித்தானா?

இவரையும் சேர்த்து. எப்போதும் ஒரு ஃபொர்மீகா இருக்கப் போவதில்லை, ஒரு மார்த்தா இருக்கப் போவதில்லை, ஒரு கிறிஸ்டியானே இருக்கப் போவதில்லை, இந்த ஆட்டம் பிழைக்க உங்களை நம்பியிருக்கிறது என்று நாட்டிலுள்ள இளம் பெண்களைப் பார்த்துப் பேசினார். வரிசையில் முதலில் வந்த பெயரைக் கவனியுங்கள். அந்த அணிக்குள் இருந்தவர்களுக்கு ஃபொர்மீகா யார் என்று நன்றாகத் தெரியும்.

ஒலிம்பிக்கில்?

பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1996 அட்லாண்டாவில். அதிலிருந்து 2021-ல் நடந்த டோக்கியோ வரை ஒன்றுகூட விடாமல் ஆடியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

அட்லாண்டாவிலும் சிட்னியிலும் நான்காம் இடம். 2004 ஏதென்ஸில் வெள்ளி, 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. லண்டனில் ஜப்பானிடம் காலிறுதித் தோல்வி. 2016-ல் சொந்த நாட்டில், ரியோவில், மறுபடியும் நான்காம் இடம். டோக்கியோவில் காலிறுதியில் கனடாவிடம் பெனால்டியில் தோல்வி, அப்போது அவருக்கு 43 வயது.

இவ்வளவு ஆடியும் தங்கமோ உலகக் கோப்பையோ ஏன் கிடைக்கவில்லை?

அணியில் திறமை இல்லாததால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2004, 2008 ஒலிம்பிக் இறுதி ஆட்டங்கள் இரண்டுமே அமெரிக்காவுடன், இரண்டுமே கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் போனவை. ஏதென்ஸில் 112-வது நிமிடம், பெய்ஜிங்கில் 96-வது நிமிடம். அமெரிக்க வீராங்கனைகளுக்குக் கல்லூரி விளையாட்டு என்ற பெரிய அடித்தளம் இருந்தது. அவர்கள் வருடம் முழுக்கச் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். பிரேசில் வீராங்கனைகளுக்கு உள்நாட்டில் ஒழுங்கான லீக்கூட இல்லை. பெரிய போட்டி வரும்போது கூட்டிச் சேர்ப்பார்கள், முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். அப்படி ஆடிக்கொண்டு கூடுதல் நேரம் வரை இழுத்ததே என் பார்வையில் பெரிய விஷயம்.

2007 இறுதிப்போட்டி முடிந்து வெள்ளிப் பதக்கம் வாங்கப் போனபோது அந்தப் பெண்கள் ஒரு துணியை விரித்துப் பிடித்தார்கள். அதில் போர்த்துகீசிய மொழியில் எழுதியிருந்தது: 'பிரேசிலே, எங்களுக்கு ஆதரவு வேண்டும்.' உலகமே பார்க்கும் மேடையில், தங்கள் நாட்டைப் பார்த்து அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 2008 இறுதியில் அமெரிக்காவின் பயிற்சியாளர் பியா சுன்டாகே. 2011 காலிறுதியிலும் அவர்தான். 2016-ல் மரக்கானா மைதானத்தில் அரையிறுதியில் பிரேசிலைப் பெனால்டியில் வீழ்த்திய ஸ்வீடன் அணிக்கும் அதே பியாதான் பயிற்சியாளர். கடைசியில் 2019-ல் பிரேசிலே அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. மூன்று முறை தன்னை அழவைத்தவரிடமே ஃபொர்மீகா தன் கடைசி இரண்டு வருடமும் ஆடினார்.

வேறு கோப்பைகள்?

பான் அமெரிக்கப் போட்டிகளில் 2003, 2007, 2015-ல் தங்கம், 2011-ல் வெள்ளி. 2007 தங்கம் ரியோவில், நிரம்பி வழிந்த மரக்கானாவில் கிடைத்தது. தென் அமெரிக்கக் கோப்பையைப் பலமுறை வென்றிருக்கிறார், 2018-ல் 40 வயதில் வென்றதும் அதில் சேர்த்தி.

எந்தெந்த கிளப்களில் ஆடினார்?

நிறைய. பிரேசிலில் சாவ் பாவ்லோ தொடங்கிப் பல அணிகள், ஸ்வீடனில் மால்மோ, அமெரிக்காவில் கோல்ட் பிரைட், சிகாகோ ரெட் ஸ்டார்ஸ். லீக் வரும், ஓரிரு வருடத்தில் மூடிவிடும், அடுத்த நாட்டுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்தக் காலத்து வீராங்கனைகள் பலருக்கும் பிழைப்பு இப்படித்தான். நீண்ட நாள் நிலைத்தது சாவ் ஜோசே என்ற அணியில். அங்கே 2013, 2014-ல் தென் அமெரிக்க கிளப்களுக்கான கோபா லிபர்டடோரஸ் கோப்பை கிடைத்தது.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 38 வயதில், மற்றவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் வயதில், பிரான்ஸின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 2017-ல் போய்ச் சேர்ந்தார். அதே வருடம் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடினார், லியோன் அணியிடம் பெனால்டியில் தோல்வி. அடுத்த வருடம் பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் அதே லியோனை வென்றார்கள். 2021-ல் லீக் பட்டமும் வந்தது. லியோன் தொடர்ந்து 14 வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த பட்டம் அது. அதைப் பறித்த அணியில் 43 வயதில் ஃபொர்மீகா இருந்தார். அந்தக் கோடையில் மறுபடியும் சாவ் பாவ்லோவுக்கே திரும்பினார்.

அந்தக் காலத்தில் பெண்கள் அணியின் நிலைமை அவ்வளவு மோசமா?

ஆண்கள் அணி உடுத்தி மிஞ்சிய சட்டைகளைத்தான் ஆரம்ப வருடங்களில் தங்களுக்குக் கொடுத்தார்கள் என்று அந்தத் தலைமுறை வீராங்கனைகள் சொல்லியிருக்கிறார்கள். தோளிலிருந்து தொங்கும் சட்டை, முழங்காலை மூடும் டவுசர். அதைப் போட்டுக்கொண்டு உலகக் கோப்பை.

2001-ல் சாவ் பாவ்லோ மாநிலக் கூட்டமைப்பு ஒரு பெண்கள் போட்டி நடத்தியது. 'கால்பந்தையும் பெண்மையையும் இணைக்கிறோம்' என்று சொல்லி, அழகாக இருப்பவர்களுக்கு முன்னுரிமை, 23 வயதுக்கு மேல் வேண்டாம், தலையை ஒட்ட வெட்டியவர்கள் வேண்டாம் என்று தேர்வு செய்தார்கள். 1999 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரான சிசிக்கு அங்கே இடமில்லை, தலையை மழித்திருந்தார் என்பதால். இந்த மாதிரி சூழலில் சால்வடோரிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண் இருபத்தைந்து வருடம் தாக்குப்பிடித்தார் என்றால், அதன் எடையை யோசித்துப் பாருங்கள்.

மாற்றம் மெதுவாக வந்தது. தேசிய அளவிலான லீக் 2013-ல் தொடங்கியது. ஆண்கள் அணிக்குக் கொடுக்கும் அதே படியும் பரிசுத் தொகையும் பெண்கள் அணிக்கும் உண்டு என்று பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது 2020 செப்டம்பரில். அப்போது ஃபொர்மீகா ஆட வந்து 25 வருடம் ஆகியிருந்தது.

அவர் 2016-லேயே ஓய்வு அறிவித்தாரே, அப்புறம் எப்படி 2019-ல் ஆடினார்?

ரியோ ஒலிம்பிக்கோடு போதும் என்று முடிவு செய்தார். 2016 டிசம்பரில் அமேசான் காட்டு நகரமான மனாவஸில் நடந்த ஒரு சர்வதேசத் தொடரில் பிரியாவிடையும் கொடுத்தாயிற்று. 2017-ல், அணியின் முதல் பெண் பயிற்சியாளரான எமிலி லிமாவை ஒரு வருடம்கூட முடியாமல் நீக்கினார்கள். அதை எதிர்த்துச் சிலர் அணியை விட்டே விலகினார்கள். பெண்கள் கால்பந்தை நடத்தும் பொறுப்புகளில் பெண்களும் இருக்க வேண்டும் என்று கேட்டு அப்போதைய, முன்னாள் வீராங்கனைகள் கூட்டமைப்புக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் ஃபொர்மீகாவும் ஒருவர்.

2018-ல் பயிற்சியாளர் வடாவோ மறுபடியும் வந்து கூப்பிட்டார். ஃபொர்மீகாவின் இடத்தில் ஆட ஆள் கிடைக்கவில்லை. போனார். எனக்கு இதில் சந்தோஷமும் வருத்தமும் ஒன்றாக வருகிறது. நாற்பது வயதுக்காரரைத் திரும்பக் கூப்பிடும் நிலைமை, அடுத்த தலைமுறையை வளர்க்க யாரும் அக்கறை எடுக்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

41 வயதில் நிஜமாகவே ஆட முடிந்ததா, பெயருக்காக வைத்திருந்தார்களா?

ஆட முடிந்தது. ஆனால் வயது தெரியவே இல்லை என்று சொன்னால் அது பொய். 2019-ல் முதல் இரண்டு ஆட்டத்திலும் மஞ்சள் அட்டை வாங்கி, இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் ஆட முடியாமல் தடை பெற்றார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இடைவேளையிலேயே மாற்றினார்கள். கால் அரை நொடி தாமதமாகப் போனால் பந்துக்குப் பதில் எதிராளியின் கணுக்கால்தான் கிடைக்கும், அட்டை வரத்தான் செய்யும். ஆனால் அவர் வெளியே போனதும் நடுக்களம் எப்படித் தள்ளாடியது என்பதையும் பார்த்தோம். பிரேசில் 2–1 என்று முன்னிலையில் இருந்த அந்த ஆட்டம் 3–2 என்று கைமாறியது.

மார்த்தாவா, ஃபொர்மீகாவா, யார் பெரியவர்?

மார்த்தா. ஃபிஃபாவின் உலகின் சிறந்த வீராங்கனை விருதை ஆறு முறை வாங்கியவரோடு யாரை ஒப்பிடுவது? ஃபொர்மீகாவுக்கு அந்த விருது ஒருமுறைகூட வரவில்லை. இந்த விருதெல்லாம் பந்தைப் பிடுங்கிக் கொடுப்பவர்களைத் தேடி வருவது அபூர்வம். ஆனால் இருவரும் இல்லாமல் அந்த அணி இல்லை.

அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம் இந்தியாவுக்கு எதிராகவா?

ஆமாம்! இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை.

2021 நவம்பர் 25, மனாவஸ். ஐந்து வருடம் முன்பு அவர் பிரியாவிடை கொடுத்த அதே ஊர், அதே அரேனா ட அமசோனியா. இந்த முறை உண்மையான விடை. எதிரில் இந்தியா. பெண்கள் சீனியர் அணி பிரேசிலோடு மோதியது அதுவே முதல்முறை. இங்கே நமக்கு மறுநாள் காலை. ஆசியக் கோப்பைக்கு முன்னோட்டமாக அந்தப் பயணத்துக்கு நம் அணி போயிருந்தது, கேப்டன் ஆஷாலதா தேவி.

முதல் நிமிடத்திலேயே பிரேசிலின் டெபிஞ்ஞா கோல் போட்டுவிட்டார். இன்று பத்து வாங்கப் போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் எட்டாவது நிமிடத்தில் நம் மனிஷா கல்யாண் இடதுபக்கம் பாய்ந்து போய் ஒரு கோல் அடித்தார். 1–1! பஞ்சாபைச் சேர்ந்த, 20 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்த பெண், பிரேசில் மண்ணில் பிரேசிலுக்கு எதிராக. இடைவேளை வரை 2–1 என்றுதான் இருந்தது. கடைசியில் 6–1.

ஃபொர்மீகா தொடக்கத்தில் பெஞ்சில் இருந்தார். இரண்டாம் பாதியின் பின்பகுதியில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். மனிஷா பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே உலகக் கோப்பை ஆடியவர், அதே புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார். எட்டு எண் சட்டை, ஒட்ட முடிந்த தலை, பந்து வரும் முன்பே அந்த இரண்டடி நகர்வு. ஸ்கோரைப் பார்க்க மறந்துவிட்டேன் என்பதே உண்மை.

மொத்தம் எத்தனை சர்வதேச ஆட்டம்?

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 234. பிரேசில் சட்டையை இவரை விட அதிகமுறை போட்டவர் ஆண்களிலும் இல்லை. கோல்கள் 30-ஐ ஒட்டி.

ஏழு உலகக் கோப்பை சாதனை முறியுமா?

பெண்களில் ஆறு வரை வந்தவர்கள் சிலர் உண்டு. ஜப்பானின் சவா, கனடாவின் சின்க்ளேர், நைஜீரியாவின் எபி, மார்த்தாவும்தான். ஏழைத் தொட 17 வயதில் தொடங்கி 41 வரை உடம்பு ஒத்துழைக்க வேண்டும், அணியும் ஒவ்வொரு முறையும் தகுதி பெற வேண்டும். மார்த்தா 2027-ல் ஆடினால் சமன் செய்வார். அப்படி நடந்தால் அதிகம் சந்தோஷப்படுபவர் ஃபொர்மீகாவாகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது.

2027 உலகக் கோப்பை பிரேசிலில்தானே?

ஆமாம், தென் அமெரிக்காவில் முதல்முறை. 2024 மே மாதம் பாங்காக்கில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் முடிவானது. எட்டு நகரங்களில் ஆட்டங்கள் நடக்கும். ரியோ, சாவ் பாவ்லோ, பெலோ ஹொரிசாஞ்சி, பிரசிலியா, ஃபொர்டலேசா, போர்ட்டோ அலெக்ரி, ரெசிஃபி. எட்டாவது சால்வடோர். பொம்மைத் தலையை உதைத்துக்கொண்டு ஒரு சிறுமி ஓடிய அதே ஊர்.